ஆயா வீட்டு மரச்சாமானும் புது ஃப்ளாட்டும்: பாண்டி, கடலூர் பக்கம் யாராவது ஐடியா சொல்லுங்க

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். லாஸ்பேட்டைல 2 பெட்ரூம் ஃப்ளாட் ஒண்ணு வாங்கிருக்கோம், மூணாவது மாடி, ஹால் பால்கனி மேற்கு பாத்தது. சாவி வாங்கியாச்சு, உள் வேலை இன்னும் ஆரம்பிக்கல. இதே சமயத்துல கடலூர் ஓ.டி.ல (பழைய டவுன்) இருக்கற எங்க ஆயா வீட்டை பாகம் பிரிச்சு இடிக்கப் போறாங்க. வாசல் தேக்குக் கதவு, உள் தூண் ரெண்டு, பெரிய உத்தரம் நாலு, பலா மரத்துல செஞ்ச அலமாரி, பிரம்பு ஈசிசேர், ஊஞ்சப் பலகை, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, இன்னும் பித்தளை சாமான்லாம் கிடக்கு. மாமா "உனக்கு வேணுங்கறத எடுத்துக்க, மிச்சத்த மரக்கடைக்கு போட்டுடறேன்"னு சொல்லிட்டாரு.

ரெண்டு இன்டீரியர்காரங்க வந்து பாத்தாங்க. ஒருத்தர் ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், கிரே லேமினேட்னு 3டி போட்டுக் காட்டினாரு. இன்னொருத்தர் "வின்டேஜ் தீம்"னு சொல்லி செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லு மாதிரி பிரிண்ட் போட்ட டைல்ஸ், ஜிப்சத்துல வளைவு, செங்கல் வால்பேப்பர்னு காட்டினாரு. எனக்கு ரெண்டுமே ஒட்டல. வீடு புதுசா, வசதியாத்தான் இருக்கணும், ஆனா ஆயா வீட்டுக்குள்ள நுழைஞ்சா மனசு ஒரு மாதிரி இறங்கி உக்காருமே, அது இங்க வேணும். அது அந்த மரச்சாமானாலயா, வெளிச்சத்தாலயா, தரையாலயா, எனக்கு பிரிச்சு சொல்லத் தெரியல. வீட்டுக்காரர் எல்லாத்தையும் கொண்டாந்து அடைச்சா பழைய சாமான் கடை மாதிரி ஆயிடும்னு பயப்படறாரு, அவர் சொல்றதும் நியாயம்தான். பட்ஜெட் ஆறு லட்சம் கிட்ட. எதை எடுக்கலாம், எதை விடலாம், பழைய வீட்டுலேர்ந்து ஃப்ளாட்டுக்கு உண்மையிலயே எது ஒத்து வரும்?

சுண்ணாம்புக்காரை:

அக்கா, நான் பழைய வீடுங்க ரிப்பேர், புதுப்பிக்கற வேலைல சைட் பாத்துக்கறவன், பெரும்பாலும் தமிழர் பகுதி வீதிங்கதான். நீங்க கேட்ட கடைசி கேள்விக்குத்தான் முதல்ல பதில். அந்த வீட்டுல உங்க மனசு இறங்கறதுக்கு சாமான் காரணம் கம்மி, காத்தும் வெளிச்சமும்தான் முக்கால்வாசி. நம்ம ஊர் பழைய வீட்டுல வாசக்கதவு, ரேழிக்கதவு (ரேழின்னா வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கற நடை), கூடம், முற்றம், பின்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கும், வாசல்ல நின்னா கொல்லைப்பக்கம் தெரியும். மதியத்துக்கு மேல கடல்காத்து கிழக்கேர்ந்து ஏறும்போது அது தடையில்லாம வீட்டுக்குள்ள ஓடும், முற்றத்துல சூடு மேல போகும். வெளிச்சமும் நேரா கண்ணுல அடிக்காது, தாழ்வாரத்துல பட்டு, தரைல பட்டு, சுவத்துல ஏறி வரும்.

இதை ஃப்ளாட்டுல கொண்டுவர முடியுமான்னா முடியும். உங்க பால்கனி மேற்குன்னா எதிர்ப்பக்கம் கிழக்குல ஒரு ஜன்னல் இருக்குமே, அதுக்கும் பால்கனிக்கும் நடுவுல என்ன வருதுன்னு பாருங்க. இன்டீரியர்காரங்க பெரும்பாலும் அந்த வழில வார்ட்ரோப் இல்லன்னா டிவி யூனிட்ட நிறுத்திடுவாங்க. அதை நகத்துங்க. ஃபால்ஸ் சீலிங் வேணாம், இருக்கற 10 அடில முக்கா அடி போச்சுன்னா அப்புறம் என்ன தூண் வச்சாலும் அந்த ஃபீல் வராது. ஹால் சாமான் எல்லாம் தாழ்வா இருக்கட்டும், பழைய வீட்டுல நாம திண்ணைலயும் பாய்லயும் தாழ உக்காந்ததாலதான் மேல அவ்ளோ இடம் தெரிஞ்சது.

மேற்கு வெயிலுக்கு கண்ணாடிக் கதவும் கனமான கர்ட்டனும் போட்டு ஏசிய ஓட்டாம, வொயிட் டவுன்ல, அதான் பிரெஞ்சுக்காரங்க இருந்த பகுதில, ஜன்னல்ல இருக்கே சாய்ச்சு வச்ச சட்டக்கதவு, அது மாதிரி மடிக்கற கதவா பால்கனிக்கு போடுங்க. சாயந்தரம் மூடினா வெயில் கோடு கோடாத்தான் வரும், காத்து நிக்காது.

இதுக்கு இந்த ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு, அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே, ஆசிரமத்துல இருக்கறவங்க தங்கற கட்டடம். 1930கள் கடைசில ஆரம்பிச்சு 40கள்ல முடிச்சது, வரைஞ்சவர் அன்டோனின் ரேமண்ட், கூட இருந்து வேலைய பாத்தவங்க ஜார்ஜ் நகஷிமா, ஃப்ரான்டிசெக் சாமர். சுத்தமான மாடர்ன் கான்கிரீட் கட்டடம், ஆனா சுவர் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, தரை கருப்புக் கல்லு, ஜன்னலுக்கு கண்ணாடியே இல்ல, திருப்பற பலகைங்கதான், ரூம் கதவு காத்து நுழையற மாதிரி தேக்குச் சட்டம். சாமானும் எளிமையான தேக்குதான், கட்டில் மேசை நாற்காலின்னு தேவைக்கு மட்டும். வளைவு, பூ வேலை ஒண்ணு கிடையாது, பழைய கட்டடம் எதையும் காப்பி அடிக்கல. இருந்தாலும் இந்த ஊர் வெக்கைக்கு பழைய வீடு கண்டுபிடிச்சு வச்ச வழி அத்தனையும் அதுக்குள்ள இருக்கு. அனுமதி வாங்கி ஒரு தடவை போய் பாத்துட்டு வந்து அப்புறம் 3டி போடச் சொல்லுங்க.

சுவத்துக்கு ஒரு விஷயம். பில்டர் புட்டி வச்சு பெயின்ட் அடிச்ச சுவத்து மேல சுண்ணாம்பு அடிச்சா பிடிக்காது, பொரிஞ்சு கொட்டும். ஆசையா இருந்தா ஒரே ஒரு சுவத்த காரை வரைக்கும் சுரண்டிட்டு சுண்ணாம்புப் பூச்சு பூசுங்க, தெரிஞ்ச கொத்தனார் கையால. கடுக்கா வெல்லத் தண்ணி விட்டு அரைச்சு பூசி தேய்ச்சா வர்ற மினுமினுப்பு எந்த டெக்ஸ்சர் பெயின்ட்லயும் வராது.

பெருமாள்கோவில் வீதி:

அம்மா, நான் ரிட்டயர் ஆன ஆளு, இன்னும் எங்கப்பா கட்டின வீட்டுலதான் இருக்கேன். தம்பி சொன்னது சரி. நான் வேற ஒண்ணு சொல்றேன். பழசும் புதுசும் கலக்கறது இந்த ஊருக்கு ஒண்ணும் புதுசில்ல. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைய பாத்திருக்கியா, 1738ல கட்டினதுன்னு சொல்லுவாங்க, கீழ நம்ம ஊர் மரத்தூண், மேல மாடில பிரெஞ்சுக்காரன் பாணில காரைத்தூண். அந்த காலத்துக்கு அந்த மேல்மாடிதான் மாடர்ன். அதுக்கப்புறம் வந்த எத்தனையோ வீடு அப்படித்தான், கீழ திண்ணை, தாழ்வாரம், மேல வளைவு ஜன்னல், மரப் பால்கனி. அவங்க ரெண்டையும் போட்டு குழப்பல, தரைத்தளம் ஒரு பேச்சு பேசும், மாடி ஒரு பேச்சு பேசும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. உன் ஃப்ளாட்டுலயும் அதைப் பண்ணு. நுழைவாசலும் ஹாலும் பழசு பேசட்டும், கிச்சனும் பெட்ரூமும் பாத்ரூமும் முழுக்க புதுசா இருக்கட்டும். எல்லா ரூம்லயும் கொஞ்சம் கொஞ்சம் பழசு தூவினாத்தான் உன் வீட்டுக்காரர் பயப்படற மாதிரி கடையா தெரியும்.

வைசியாள் வீதில ஒரு காலை நேரம் நடந்துட்டு வாங்க ரெண்டு பேரும். அந்த தெருவுல வரிசையா தாழ்வாரத்தையும் திண்ணையையும் திரும்ப எடுத்து கட்டினாங்க, 2008ல யுனெஸ்கோ விருது கூட வந்தது. அங்க பாக்க வேண்டியது தூண்ல இருக்கற செதுக்கல் இல்ல, தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு பாரு, அது. வர்றவங்க செருப்ப விட்டு, மூச்சு வாங்கி, தண்ணி கேட்டு குடிச்சு, அப்புறம்தான் உள்ள வருவாங்க. ஃப்ளாட்டுல கதவ திறந்தா நேரா சோஃபால போய் முட்டுது. உள்ள நுழைஞ்ச உடனே நாலு அடிக்கு ஒரு தாழ்வான பலகைத் திண்ணை போடு, உக்காந்து செருப்பு கழட்டற உயரம், அடில செருப்பு வைக்க டிராயர். அந்த ஊஞ்சப் பலகைய மேல போட்டா அதுக்கு வேற அலங்காரமே வேணாம்.

அந்த ரெண்டு தூணையும் விட்டுடாத. நிக்க வச்சா சுமை எதுவும் தாங்கப் போறதில்ல, அதுக்காக நடு ஹால்ல நிறுத்தாத, நுழையற இடத்துக்கும் ஹாலுக்கும் எல்லை மாதிரி ஓரமா நிறுத்து, அடில கல் ஆதாரம் வச்சு. கதவு வேணும்னா பூஜை ரூமுக்கோ பெட்ரூமுக்கோ நிலையோட சேத்து எடு. நிலை இல்லாம கதவ மட்டும் எடுத்தா அது வெறும் பலகைதான்.

மூணாவதுமாடி:

கெடிலக்கரை, நான் முத்தியால்பேட்டைல ஃப்ளாட், கடல் ரொம்ப கிட்ட. அழகு பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, உப்புக்காத்து பத்தி நான் சொல்றேன், ஏன்னா இங்க அதுதான் பாதி இன்டீரியர முடிவு பண்ணும். கடைல சாதாரண எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு ரகம்) கீல், கைப்பிடி குடுப்பாங்க, ஒரு மழைக்காலம் போனா பழுப்பு புள்ளி வந்துடும், உப்புக்கு இன்னும் தாங்கற 316 ரகம் கேளுங்க, இல்லன்னா பழைய வீட்டுல இருக்கற பித்தளைக் கீல், குமிழ், தாழ்ப்பாள், கொண்டி அத்தனையும் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க. மரத்த விட எனக்கு அதுதான் பொக்கிஷம். புது ப்ளைவுட் கபோர்டுக்கு அந்த பழைய பித்தளைக் குமிழ் மட்டும் போட்டு பாருங்க, ஒரு ரூபா செலவில்லாம முகம் மாறிடும். கறுக்கும், புளி போட்டு தேய்ச்சா பளிச்சுனு வந்துடும், கறுத்தே இருந்தாலும் அழகுதான்.

ஊஞ்சல் மாட்டற ஐடியா இருந்தா ஸ்லாப்ல துளை போட்டு மாட்ட விடாதீங்க, பீம்லதான், அதுவும் இஞ்சினியர கேட்டுட்டு. ஆடறப்ப வர்ற இழுப்பு உக்காந்திருக்கற வெயிட்ட விட அதிகம். சங்கிலி இரும்பா இருந்தா துரு சேலைல ஒட்டும், பித்தளையா பாருங்க.

பிரம்பு ஈசிசேர் தொங்கிப் போயிருந்தா பின்னல் போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. பிரம்பு அறுபடாம வெறுமன தளர்ந்திருந்தா அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு நல்லா ஊற விட்டு நிழல்ல காய வச்சா இழுத்துக்கும். கண்ணாடிக்கு புது ரசம் பூசாதீங்க ப்ளீஸ், அந்த கறுப்பு புள்ளிங்களோடயே வாஷ்பேசின் பக்கம் இல்லாம ஹால்ல மாட்டுங்க, ஜன்னலுக்கு பக்கத்து சுவத்துல. ரூம் ரெண்டு மடங்கா தெரியும்.

லைட்டு முக்கியம், இதை யாரும் சொல்லல. வெள்ளை எல்இடி பேனல் போட்டா தேக்கு சாம்பலா தெரியும். மஞ்சள் வெளிச்சம் தர்ற 2700, மிஞ்சினா 3000 கெல்வின் பல்பு, உசரத்துல வேணாம், கண் மட்டத்துல, சுவர் ஓரமா நாலஞ்சு இடத்துல. பழைய வீட்டுல விளக்கு மாடத்துல இருந்தது, உத்தரத்துல இல்ல. பழைய ரவுண்டு கறுப்பு ஸ்விட்ச் அழகுக்கு வச்சுக்கலாம், கரன்ட் குடுக்காதீங்க.

தாழம்பூ:

இங்க எல்லாரும் பழைய வீட்ட தூக்கி வச்சு பேசறீங்க, நானும் அப்படி ஒரு வீட்டுல வளந்தவதான், திருப்பாதிரிப்புலியூர்ல. அந்த வீட்டுல காத்து வந்த இடம் கூடம், ஆம்பளைங்க உக்காந்த இடம். எங்கம்மா இருந்தது பின்கட்டு அடுப்படி, ஒரு சின்ன ஜன்னல், சுவர் முழுக்க கரி, மழை வந்தா முற்றத்து வழியா நனைஞ்சுகிட்டே சாப்பாடு கொண்டு வரணும். திண்ணையில யார் உக்காரலாம், யார் ரேழியோட நிக்கணும், யார் தெருவோட போயிடணும்னு அந்த வீட்டுக்கு கணக்கு இருந்தது. அதனால அழகா இருக்குன்னு சொல்லி அப்படியே எடுக்காதீங்க, எதை விடணும்னும் சேத்து யோசிங்க. கெடிலக்கரை, உங்க வீட்டுல அந்த நல்ல காத்தும் நல்ல வெளிச்சமும் கிச்சனுக்கு முதல்ல போகட்டும். கிழக்கு ஜன்னல் எந்த ரூம்ல இருக்கு? கிச்சன் பக்கம்னா கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கற சுவர் தாங்கற சுவரான்னு கேட்டு, இல்லன்னா பாதிக்கு மேல திறந்து விடுங்க, ஆயா வீட்டு ஜன்னல் கம்பி இருந்தா அதை அங்க சட்டம் போட்டு மாட்டலாம். சமைக்கறவங்க ஹால பாத்துகிட்டு நிக்கணும், அது பழைய வீட்டுல இல்லாதது, ஆனா உங்க வீட்டுல இருக்கணும்.

பித்தளை அண்டா, குடமெல்லாம் ஷோகேஸ்ல அடுக்கறது எனக்கு பிடிக்காது. தினம் கை படற ரெண்ட வச்சுக்கங்க, மிச்சம் சொந்தக்காரங்களுக்கு குடுங்க. எங்க வீட்டுல ஊறுகா ஜாடிதான் இன்னும் ஊறுகா ஜாடி, வருஷா வருஷம் எலுமிச்சை அதுலதான்.

தரை பத்தி கேட்டீங்களே. ஆத்தங்குடி நிஜமா வேணும்னா பிரிண்ட் டைல்ஸ் வேணாம். நிஜக் கல்லு சிமென்ட், அந்த ஊர் மண்ணு, கலர் வச்சு கண்ணாடி மேல ஊத்தி கையால செய்யறது, அதனாலதான் ஒரு கல்லு மாதிரி இன்னொண்ணு இருக்காது, அந்த பளபளப்பும் கண்ணாடில பட்டு வர்றதுதான். ஆனா தடிமன் ஜாஸ்தி, போட்டிருக்கற டைல்ஸ் மேல போட்டா தரை ஏறி கதவ எல்லாம் அறுக்கணும். பெரியவர் சொன்ன அந்த நுழையற இடத்துல மட்டும் இருக்கற டைல்ஸ உடைச்சு எடுத்துட்டு பாய் விரிச்ச மாதிரி கொஞ்சம் போடுங்க. ஆசிட் மட்டும் ஊத்தவே கூடாது, வேலைக்கு வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

சுண்ணாம்புக்காரை:

தாழம்பூ அக்கா சொன்னது நான் யோசிக்காத பக்கம், ரொம்ப சரி. நாங்க புதுப்பிக்கற வீட்டுலயும் முதல்ல இடம் மாத்தறது அடுப்படியதான், ஆனா ஏன்னு யாரும் இப்படி சொல்லி நான் கேட்டதில்ல. ரெட் ஆக்சைடு, அதான் சிவப்பு சிமென்ட் தரை, அது பத்தியும் ஒரு வரி, ஃப்ளாட் முழுக்க போடாதீங்க, கை தேர்ந்த ஆள் இப்ப கம்மி, சரியா தண்ணி கட்டி வைக்கலன்னா வெடிக்கும். திண்ணை மேல்பக்கமோ பால்கனி ஓரத்து மேடையோ அந்த காவிச் சிவப்புல போடலாம், அது போதும். பால்கனில மேடை கட்டினா செங்கல் வேணாம், எடை கம்மியான சிப்போரெக்ஸ் கல்லு போடுங்க. செடிக்கு வில்லியனூர் மண் தொட்டி, வேலைப்பாடோட கிடைக்கும், அந்த சுடுமண்ணுக்கு புவிசார் குறியீடே இருக்கு.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து வீட்டுக்காரரோட உக்காந்து இதை முழுக்க படிச்சோம். கிழக்கு ஜன்னல் கிச்சன்லதான் இருக்கு! நடுச்சுவர் வெறும் நாலரை இஞ்ச் சுவர்தான், தாங்கற சுவர் இல்லன்னு பில்டர் ஆளு சொல்லிட்டாரு, பாதிக்கு மேல திறக்கப் போறோம். ஃபால்ஸ் சீலிங் கேன்சல். கதவு நிலையோட, தூண் ரெண்டு, ஊஞ்சப் பலகை, ஈசிசேர், கண்ணாடி, பித்தளைக் குமிழ் கீல் மொத்தமும் எடுத்துக்கறோம். அண்டாலாம் சித்திக்கு. இப்ப ரெண்டே சந்தேகம். பலா அலமாரி ஏழு அடி இருக்கு, லிஃப்ட்ல போகாது, படில திரும்பாது, விட்டுடறதா? உத்தரம் நாலும் பர்மா தேக்குன்னு மாமா சொல்றாரு, அதை அறுத்து கிச்சன் ஷெல்ஃப், டைனிங் டேபிள் பண்ணலாமா, செல் அரிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு.

பெருமாள்கோவில் வீதி:

பலா அலமாரிய விட்டுடாதம்மா. பண்ருட்டி பக்கத்துப் பலாவா இருக்கும், புதுசுல மஞ்சளா இருந்து வருஷம் ஆக ஆக தேன் கலருக்கு போற மரம். தானே புயல்ல 2011 டிசம்பர்ல அந்தப் பக்கம் பலா தோப்பு விழுந்தது கொஞ்சமா நஞ்சமா, முதிர்ந்த மரம் இப்ப தேடணும். பழைய அலமாரி, கட்டில் நிறைய ஆணி அடிக்காம ஆப்பு வச்சு பூட்டினதுதான், மேல் பலகைக்கு கீழ பின்பக்கம் பாரு, மர ஆப்பு தெரிஞ்சா வயசான ஆசாரி ஒருத்தர கூப்பிட்டு கழட்டச் சொல்லு, பலகை பலகையா வந்துடும். கழட்டறப்பவே ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டுடு.

சுண்ணாம்புக்காரை:

உத்தரம் தாராளமா பண்ணலாம். முதல்ல சுவத்துக்குள்ள புதைஞ்சிருந்த ரெண்டு முனையையும் பாருங்க அக்கா, ஓதம் ஏறி செல் பிடிக்கறது அங்கதான். சுத்தியால தட்டிகிட்டே வாங்க, கணீர்னு இருந்தா நல்ல மரம், பொத்துனு சத்தம் வந்தா அதுவரைக்கும் அறுத்து தள்ளிடுங்க, நடு மரம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். வாள்பட்டறைல குடுக்கறதுக்கு முன்னாடி ஆணி, கொக்கி எல்லாம் புடுங்கியாகணும், உள்ள ஒரு ஆணி மாட்டினாலும் பிளேடு போயிடும், அப்புறம் பழைய மரமே வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க, பட்டறைக்காரர்கிட்ட மெட்டல் டிடெக்டர் இருக்கான்னு கேளுங்க. கதவுல பழைய பெயின்ட் இருந்தா அதை உப்புத்தாள் போட்டு வீட்டுக்குள்ள தேய்க்க விடாதீங்க, அந்த காலத்து பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, தூசு குழந்தைங்களுக்கு ஆகாது. ரிமூவர் தடவி சுரண்டி எடுக்கச் சொல்லுங்க, வெளில வச்சு, மாஸ்க் போட்டு. பாலிஷ் கண்ணாடி மாதிரி மினுக்கற மெலமைன் வேணாம், ஆளி விதை எண்ணெய் தேய்ச்சு மேல மெழுகு போதும், டேபிள்ல தண்ணி கறை விழுந்தா அந்த இடத்த மட்டும் திரும்ப தேய்ச்சுக்கலாம். எண்ணெய் தேய்ச்ச துணிய சுருட்டி மூலைல போட்டா தானா தீப்பிடிக்கும், விரிச்சு காயப் போடச் சொல்லுங்க. வீடு எப்ப இடிக்கறாங்கன்னு தேதி தெரிஞ்சா இங்க போடுங்க, கதவ நிலையோட எடுக்கறது இடிக்கறவங்க வேலை இல்ல, அதுக்கு முன்னாடியே நம்ம ஆளு ரெண்டு பேர் போய் மேல இருக்கற சுவத்துக்கு முட்டு குடுத்துட்டு எடுக்கணும்.